கோமாளி மீனுக்கு ஜோடி சேர்ப்பது: மூன்று வழிகளில் எது?

போன மாதம் திருநெல்வேலி பெருமாள்புரத்தில் இருந்து ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். ஆரஞ்சு உடம்பு, மூன்று வெள்ளைப் பட்டை, பின்னால் மங்கலாகத் தொட்டியின் பம்ப். கூடவே கேள்வி: "அண்ணாச்சி, இது பெர்குலாதானே? ஆணா பொண்ணான்னு பாத்துச் சொல்லுங்க. ஜோடி போடணும்." பெர்குலா என்பது கோமாளி மீனில் ஓர் இனம்.

அந்த மீனை ஒன்றரை வருடமாகத் தனியாகவே வைத்திருக்கிறார். கடையில் 'நீமோ' என்று சொல்லிக் கொடுத்தார்களாம். இப்போது வீட்டில் பிள்ளைகள் இன்னொன்று கேட்கிறார்கள், அவருக்கும் முட்டை வைத்துக் குஞ்சு பொரிப்பதைப் பார்க்க ஆசை. அவர் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. தூத்துக்குடியில் ஒரு கடையில் "கன்ஃபார்ம் ஜோடி" என்று இரண்டு வளர்ந்த மீன்களைக் காட்டியிருக்கிறார்கள். தன்னிடம் இருப்பதைக் கொடுத்துவிட்டு அந்த ஜோடியை வாங்கிக்கொள்ளலாம். நாகர்கோவிலில் தெரிந்தவர் ஒருவர் தொட்டியைக் கலைக்கிறார். அவரிடம் இதே அளவில் ஒரு மீன் சும்மாவே கிடைக்கிறது. இல்லையென்றால் சென்னையில் இருந்து பண்ணையில் பொரித்த குஞ்சு ஒன்றைப் பார்சலில் வரவழைக்கலாம். எதை எடுப்பது?

நம் பக்கத்தில் கடல்மீன் தொட்டி வைப்பவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள், இதே கேள்வி வேறு வேறு வடிவத்தில் என்னிடம் வந்துகொண்டே இருக்கிறது. அதனால் அந்தத் தம்பிக்குச் சொன்னதை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

அவர் இரண்டு கேள்வி கேட்டார்: என்ன இனம், ஆணா பெண்ணா. நிறையப் பேர் இரண்டாவது கேள்விக்குத் தாவிவிடுகிறார்கள். இனம் தெரியாமல் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. நம் மீன் மார்க்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கொடுவா ஆணாகத் தொடங்கி, வளர்ந்து பெருத்த பிறகு பெண்ணாக மாறும் மீன். பெரிய கொடுவாவாகப் பார்த்து வாங்கினால் வயிற்றில் சினை இருக்க வாய்ப்பு அதிகம் என்பது அதனால்தான். களவா நேர் எதிர். பெண்ணாகத் தொடங்கிப் பெருத்த பிறகு ஆணாகும். இரண்டும் ஒரே ஐஸ் பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். 'பெரிசா இருந்தா பொண்ணு' என்று பொதுவாக ஒரு விதி சொன்னால் கொடுவாவுக்குப் பொருந்தும், களவாவுக்குத் தப்பாகிவிடும். தொட்டி மீன்களிலும் இதே கதைதான்.

சரி, முதலில் இனம். அந்தத் தம்பியின் மீன் ஒசெல்லாரிஸாக இருக்கலாம், பெர்குலாவாகவும் இருக்கலாம். கடைகளில் இரண்டையும் பெர்குலா என்றே சொல்வார்கள், பாதி இடங்களில் வெறும் நீமோ. பார்க்க அண்ணன் தம்பி போல இருக்கும் இரண்டு தனி இனங்கள் இவை. பட்டையின் கறுப்பு ஓரத்தை வைத்துத்தான் எல்லோரும் பிரிக்கப் பார்க்கிறார்கள்: ஓரம் தடித்த கறுப்பாக இருந்தால் பெர்குலா, பென்சில் கோடு போல மெல்லியதாக இருந்தால் ஒசெல்லாரிஸ். இது பெரும்பாலும் சரியாக வரும், ஆனால் நம்பி முடிவெடுக்கும் அளவுக்குச் சரியாக வராது. பெர்குலாவிலும் கறுப்பு குறைந்த மீன்கள் உண்டு. வயது கூடக் கூட நிறமும் மாறும். ஆஸ்திரேலியாவின் டார்வின் பக்கத்து ஒசெல்லாரிஸ் வளர்ந்தபின் ஆரஞ்சே இல்லாமல் முழுக்கக் கறுப்பாகிவிடும்.

கண்ணைப் பார்ப்பது இதைவிட நல்ல வழி. பெர்குலாவின் கண்மணியைச் சுற்றிப் பளிச்சென்று ஓர் ஆரஞ்சு வளையம் இருக்கும், அதனால் கண் சிறியதாகத் தெரியும். ஒசெல்லாரிஸுக்கு அந்த வளையம் சாம்பல் கலந்து மங்கலாக இருக்கும். கண் பெரிதாக, கறுப்பாகத் தெரியும். இரண்டு மீனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பழகிய கண்ணுக்கு உடனே பிடிபட்டுவிடும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் தடுமாற்றம்தான்.

நான் நம்புவது முள் எண்ணிக்கையை. முதுகுத் துடுப்பின் முன்பாதியில் விறைப்பான முள்கள் இருக்கும், பின்பாதியில் வளையும் மென்கதிர்கள். ஒசெல்லாரிஸுக்கு வழக்கமாக 11 முள், பெர்குலாவுக்கு வழக்கமாக 10. இரண்டிலும் சில மீன்களுக்கு ஒன்று குறையும் என்பதால் 11 எண்ணினால் ஒசெல்லாரிஸ் என்று தைரியமாகச் சொல்லலாம், 9 எண்ணினால் பெர்குலா. 10 வந்தால் கண்ணையும் பட்டையையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒசெல்லாரிஸுக்கு முன்பாதித் துடுப்பு கொஞ்சம் உயரமாக இருப்பதால் இரண்டு பாதிக்கும் நடுவில் உள்ள பள்ளமும் ஆழமாகத் தெரியும்.

எண்ணுவது எப்படி? மீனைக் கையில் பிடிக்கவே வேண்டாம். சின்ன ஒளிபுகும் பிளாஸ்டிக் டப்பாவில் தொட்டித் தண்ணீரோடு மீனை மொண்டு, பக்கவாட்டில் இருந்து செல்போனில் வீடியோ எடுங்கள். துடுப்பை விரிக்கிற ஒரு நொடி கிடைத்தால் போதும், நிறுத்திப் பெரிதாக்கி எண்ணிக்கொள்ளலாம். தம்பியை அப்படித்தான் எடுக்கச் சொன்னேன். முதல் வீடியோவில் துடுப்பு மடங்கியே இருந்தது. இரண்டாவதில் தெளிவாக வந்தது. மூன்று தடவை எண்ணினேன், 11. கண் வளையமும் மங்கல். ஆக, அவர் பெர்குலா என்று நினைத்திருந்தது ஒசெல்லாரிஸ்.

பிறந்த இடமும் ஒரு தடயம், கடலில் பிடித்த மீனாக இருந்தால் மட்டும். ஒசெல்லாரிஸ் நம் அந்தமான் நிக்கோபாரில் தொடங்கி தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் என்று பரவியிருக்கிறது. பெர்குலா பப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள், வனுவாட்டு, குயின்ஸ்லாந்தின் வடபகுதி. அதனால் யாராவது "அந்தமான் பெர்குலா" என்று விற்றால் அது ஒசெல்லாரிஸ்தான். பண்ணை மீனுக்கு இந்தக் கணக்கு உதவாது. பட்டை உடைந்தும் கலைந்தும் வருகிற 'பிக்காசோ', 'ஸ்னோஃப்ளேக்' மாதிரியான பண்ணை ரகங்களில் நிறத்தை வைத்து எதுவுமே சொல்ல முடியாது. இரண்டு இனமும் கலந்த கலப்பினங்களும் விற்பனையில் இருக்கின்றன. அங்கே விற்பவரின் சொல்லைத்தான் நம்ப வேண்டும்.

நிறம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு எம்பரர் ஏஞ்சல் மீனைத்தான் நான் எப்போதும் சொல்வேன். குஞ்சில் கருநீல உடம்பில் வெள்ளை வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக வால் பக்கம் குவிந்திருக்கும். வளர்ந்த பிறகு அதே மீன் மஞ்சளும் நீலமுமாக நீளவாட்டில் கோடு போட்டிருக்கும். ஒரு காலத்தில் குஞ்சையும் பெரியதையும் தனித்தனி இனமாகவே விஞ்ஞானிகள் பெயர் வைத்துவிட்டார்கள். அவர்களே தடுமாறிய இடத்தில் நாம் நிறத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது.

நம் கடலுக்குச் சொந்தமான கோமாளி மீனைப் பற்றியும் ஒரு வார்த்தை. மன்னார் வளைகுடாவில் வாழ்வது செபே. கரும்பழுப்பு உடம்பு, மஞ்சள் வால். நடுப்பட்டை நேராக இறங்காமல் பின்பக்கமாகச் சாய்ந்து, முதுகுத் துடுப்புக்குள்ளும் ஏறியிருக்கும். இதோடு குழப்பிக்கொள்வது கிளார்க்கி என்ற இன்னொரு கோமாளி மீனை. கிளார்க்கிக்கு வால் தொடங்கும் இடத்தில் மூன்றாவதாக ஒரு வெள்ளைப் பட்டை தெளிவாக இருக்கும், செபேக்கு அது இருக்காது. கடையில் செபே என்று விற்கப்படும் மீன்களில் கிளார்க்கி நிறைய உண்டு என்பதால் வாலடியைப் பார்க்காமல் வாங்காதீர்கள். இரண்டுமே ஒசெல்லாரிஸைவிடப் பெரிதாக வளரும், கோபமும் அதிகம். மண்டபம் ஊரில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் கோமாளி மீன்களைப் பண்ணையில் பொரித்து வளர்க்கும் முறைகளை உருவாக்கியிருக்கிறது. ஆகவே கடலில் பிடித்ததைத் தேடிப் போக வேண்டிய அவசியம் இப்போது இல்லை. தூத்துக்குடியில் இருந்து ராமேசுவரம் வரை உள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே போய் மீனோ பவளமோ எடுப்பது குற்றம். "அங்க எனக்கு ஆள் இருக்கு" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

டொமேட்டோ, மெரூன் என்று இன்னும் இரண்டு கோமாளி மீன்கள் உண்டு, அவற்றுக்கு அடையாளம் சுலபம். வளர்ந்த டொமேட்டோவுக்குத் தலையில் ஒரே ஒரு வெள்ளைப் பட்டைதான். மெரூனுக்குக் கண்ணுக்குக் கீழே கன்னத்தில் ஒரு முள் நீட்டிக்கொண்டிருக்கும். அது வலையில் சிக்கிக்கொள்ளும் என்பதால் அந்த மீனைக் கோப்பையால்தான் மொண்டு எடுக்க வேண்டும். இந்த இரண்டிலும் ஜோடி சேர்ந்துவிட்டால் ஆண் பெண் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்: பெண் பெரிதாகவும் கருத்தும், ஆண் சிறிதாகவும் நல்ல சிவப்பாகவும் இருக்கும்.

இனி ஆணா பெண்ணா. இதைச் சொன்னபோது தம்பிக்கு நம்பிக்கை வரவில்லை, இரண்டு தடவை கேட்டார். கோமாளி மீன் எதுவுமே பெண்ணாகப் பிறப்பதில்லை. குஞ்சுகள் எதுவாகவும் முதிராமல் இருக்கும். ஒரு கூட்டத்தில் எது பெரியதோ அது பெண்ணாகும், அதற்கு அடுத்தது ஆண். மிச்சமுள்ள சின்னவை எல்லாம் இனப்பெருக்கம் செய்யாமல் வரிசையில் காத்திருக்கும். பெண் செத்துப்போனால் ஆண் பெண்ணாக மாறும், வரிசையில் அடுத்த மீன் ஆணாகும். ஹான்ஸ் ஃப்ரிக்கே, சிமோன் ஃப்ரிக்கே என்ற ஆராய்ச்சியாளர்கள் 1977-ல் 'நேச்சர்' அறிவியல் இதழில் இதை எழுதினார்கள். பெண் மீனின் அதட்டல்தான் மற்றவற்றைப் பெண்ணாக விடாமல் தடுக்கிறது என்பது அவர்கள் கண்டது.

ஏன் இப்படி? கோமாளி மீன் ஒளிந்து வாழ்வது கடல் அனிமோனுக்குள், பூ மாதிரி விரிந்து கொட்டும் ஓர் உயிர் அது. அதை விட்டு வெளியே போனால் அந்தச் சின்ன மீனை வேறு மீன் தின்றுவிடும், வெளியே போய்த் துணை தேட முடியாது. இருக்கும் இடத்தில் இருப்பவர்களைக் கொண்டே குடும்பம் நடக்க வேண்டும். முட்டை போட உடம்பு பெரிதாக இருந்தால் கூடுதல் முட்டை. ஆணுக்கு அந்த அளவு தேவையில்லை. அதனால் பெரியது பெண். எத்தனை தடவை யோசித்தாலும் எனக்கு இதன் அழகு குறைவதில்லை.

ஆக, ஒரு கோமாளி மீனின் படத்தை மட்டும் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. சொல்கிறவர் ஊகிக்கிறார். இரண்டு மீன் ஒன்றாக இருக்கும் வீடியோவைப் பார்த்தால் சொல்லலாம். பெரியது முன்னால் வரும்போது சின்னது பக்கவாட்டில் சாய்ந்து உடம்பு முழுக்க நடுங்கும், குளிர்காய்ச்சல் வந்த மாதிரி. வலிப்பு என்று பயந்து எனக்கு போன் செய்தவர்கள் உண்டு. அது 'நான் உனக்குக் கீழ்தான்' என்று ஒத்துக்கொள்வது. நடுங்குவது ஆண், அல்லது ஆணாகப் போவது. இன்னொரு அடையாளம் முட்டை போடும் நாள்களில் மட்டும் தெரியும்: வயிற்றுக்கு அடியில் இருந்து நீட்டும் சிறு குழாய். பெண்ணுக்கு அது தடித்து மொண்ணையாக இருக்கும், ஆணுக்கு மெலிந்து கூராக இருக்கும். முட்டையே வந்த பிறகு இந்தக் குழாயைத் தேட வேண்டிய வேலையும் இல்லை.

தம்பியின் மீன் ஏறக்குறைய 7 செ.மீ. இருந்தது, ஒன்றரை வருடமாகத் தனிமை. அது ஆணா பெண்ணா என்று நான் சொல்லவில்லை. பெண்ணாகவே வைத்துக்கொண்டு முடிவெடுங்கள் என்று மட்டும் சொன்னேன். காரணம் இருக்கிறது. கோமாளி மீனில் ஆண் பெண்ணாகலாம், ஆனால் பெண் திரும்ப ஆணாக முடியாது. அந்த மீன் உண்மையில் ஆணாகவே இருந்து, பெண் என்று நினைத்து ஒரு குட்டி மீனை விட்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை. பெரியது பெண்ணாகிவிடும், குட்டி ஆணாகிவிடும், கொஞ்ச மாதம் கூடும், அவ்வளவுதான். அது பெண்ணாக இருந்து, ஆண் என்று நினைத்து இன்னொரு பெண்ணை விட்டால் ஒன்று சாகும். ஒரு பக்கம் தப்பினால் தாமதம், மறுபக்கம் தப்பினால் சாவு. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு மூன்று வழிகளையும் பார்க்கலாம்.

நாகர்கோவில் மீனை முதலில் சொல்லிவிடுகிறேன், அதைத்தான் முதலில் தள்ளினேன். சும்மா கிடைக்கிறது, அதே இனமாகவும் இருக்கலாம், ஆனால் அதே அளவு. அதுவும் வளர்ந்த மீன். இரண்டுமே பெண்ணாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அப்படி இல்லாவிட்டாலும் யார் பெரியவர் என்று முடிவாகும் வரை சண்டைதான். நடுவில் வலைத் தடுப்பு வைத்து மாதக்கணக்கில் பழக்கினால் சிலருக்குச் சேர்ந்திருக்கிறது என்பார்கள். சேராமல் போனால் இன்னொரு தொட்டி வேண்டும். அந்தத் தம்பியிடம் இன்னொரு தொட்டி இல்லை.

இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசினேன், என் அனுபவம் அப்படி. ஆறு வருடத்துக்கு முன் நான் ஒரு கடையில் "ஜோடி" என்று சொல்லி வாங்கிவந்த இரண்டு ஒசெல்லாரிஸ் கிட்டத்தட்ட ஒரே அளவு. கடைத் தொட்டியில் ஒன்றாகத்தான் நீந்தின. அங்கே கூட்டம் அதிகம், ஒன்றையொன்று குறிவைக்க இடம் இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் துரத்தல் தொடங்கியது. பழகிவிடும் என்று விட்டுவிட்டேன். பத்தாம் நாள் காலையில் ஒன்று ஹீட்டருக்குப் பின்னால் துடுப்பெல்லாம் கிழிந்து ஒடுங்கிக் கிடந்தது. அன்று மத்தியானத்துக்குள் செத்துவிட்டது. உயிரோடு இருந்தது இன்றும் என்னிடம் இருக்கிறது, நன்றாக முட்டை வைக்கும் பெண். செத்ததும் பெண்ணாக இருந்திருக்கலாம், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது, உயிரோடு இருப்பது பிறகு பெண்ணாக மாறியதாகவும் இருக்கலாம். அளவைப் பார்த்து அன்றே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

தூத்துக்குடி ஜோடி பற்றித்தான் தம்பிக்கு ஆசை அதிகம். உண்மையான ஜோடியாக இருந்தால் அதில் நன்மை உண்டு. மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், முட்டை பார்க்க அதுவே குறுக்கு வழி. ஆனால் ஜோடி என்ற ஒரு சொல்லுக்கே விலை ஏறுகிறது, அந்தச் சொல்லுக்கு ஆதாரம் கேட்க யாரும் யோசிப்பதில்லை. நான் கேட்கச் சொன்ன கேள்விகள்: இந்த இரண்டும் மட்டும் ஒரே தொட்டியில் எத்தனை நாளாக இருக்கின்றன? ஒன்று மற்றதைவிடத் தெளிவாகப் பெரிதா? இரவில் ஒரே இடத்தில் ஒட்டிப் படுக்கின்றனவா? முட்டையைக் கண்ணால் பார்த்தீர்களா, படம் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்குப் பதில் இருந்தால் மற்ற மூன்றும் வேண்டாம். முட்டை வைத்த ஜோடியும் இடம் மாறினால் பழகி மறுபடி முட்டை வைக்க மாதங்கள் ஆகலாம், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும். அப்புறம் ஜோடியின் வயது. முட்டை வைத்து ஓய்ந்த மீனையும் ஜோடி என்றுதான் விற்பார்கள்.

தம்பி நேரில் போய்ப் பார்த்து வீடியோ எடுத்து அனுப்பினார். ஒன்று பெரிது, ஒன்று சிறிது, அது நல்ல அறிகுறி. ஆனால் அதே தொட்டியில் மொத்தம் ஐந்து மீன்கள் இருந்தன. கடைக்காரர் முட்டையைப் பார்க்கவில்லை என்று நேர்மையாகவே சொல்லியிருக்கிறார். அந்த இரண்டையும் கெட்ட மீன் என்று நான் சொல்ல மாட்டேன், சேரக்கூடிய இரண்டு மீன்கள். ஆனால் ஜோடி விலை கொடுக்கும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. அதோடு அந்த வழியில் போனால் ஒன்றரை வருடம் வளர்த்த மீனைக் கொடுத்துவிட வேண்டும். பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் ஒரு காரணமா என்று கேட்டால், எனக்குக் காரணம்தான்.

மீதி இருப்பது பண்ணைக் குஞ்சு. என் தேர்வு இதுதான். 2.5 முதல் 3 செ.மீ. அளவில் ஒரு குஞ்சு, வளர்ந்ததில் பாதி அளவுக்கும் குறைவு. இந்த அளவு வித்தியாசத்தில் யார் பெரியவர் என்ற கேள்வியே எழாது. குஞ்சு முதல் நாளே நடுங்கிப் பணிந்துவிடும், பெரியது கொஞ்சம் துரத்திப் பார்த்துவிட்டு விட்டுவிடும். பண்ணைக் குஞ்சு உருண்டைத் தீனி சாப்பிட்டுப் பழகி வரும். கடலில் பிடித்த கோமாளி மீன்களோடு அடிக்கடி வருகிற, இரண்டு மூன்று நாளில் கொன்றுவிடுகிற புரூக்லினெல்லா ஒட்டுண்ணியின் பயமும் குறைவு. குறை என்ன? காலம். குஞ்சு வளர்ந்து ஆணாகி முட்டை வைக்க ஒரு வருடமாவது ஆகும், கூடவும் ஆகலாம். இன்னொரு குறை, பார்சல். சித்திரை வெயிலில் வரவழைக்கக் கூடாது. மழைக்காலத்திலோ, அதற்குப் பிறகு மாசி வரையிலோ, இரவுப் பஸ்ஸில் தெர்மாகோல் பெட்டிக்குள் ஆக்சிஜன் நிரப்பிய பையில் வந்தால் விடியற்காலையில் வண்ணார்பேட்டை பைபாஸில் இறக்கிக்கொள்ளலாம். வெயில் ஏறுவதற்குள் வீடு வந்துவிட வேண்டும்.

ஒசெல்லாரிஸ் என்று இனம் உறுதியானதால்தான் "ஒசெல்லாரிஸ் குஞ்சு" என்று கேட்டு வாங்க முடிந்தது. பெர்குலாவைச் சேர்த்தாலும் ஜோடி சேரும், ஆனால் வருவது கலப்பினக் குஞ்சுகள். அவற்றை நாளைக்கு யாருக்காவது கொடுத்தால் அவர் இதே குழப்பத்தில் மாட்டுவார். மெரூனைச் சேர்த்திருந்தால் விபரீதம்தான்.

தொட்டியில் மீனே இல்லாமல் இனிமேல்தான் தொடங்கப் போகிறவர்களுக்கு: ஒரே பண்ணையில் இருந்து இரண்டு குஞ்சு, ஒன்று கொஞ்சம் பெரிது, ஒன்று சிறிது. அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. இரண்டும் முதிராதவை, யார் எதுவாவது என்பதை அவையே முடிவு செய்துகொள்ளும்.

"அப்போ பாத்ததும் ஆண் பொண்ணு தெரியுற மீனே கிடையாதா அண்ணாச்சி?" என்று தம்பி கேட்டார். உண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சிக்கலும் உண்டு. புளூ டெவில் டாம்செல் மீனில் ஆணுக்கு வால் ஆரஞ்சாக இருக்கும், பெண்ணுக்கு வால் நிறமில்லாமல், முதுகுத் துடுப்பின் பின்னடியில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். ஆனால் எல்லாப் பகுதியில் இருந்து வரும் ஆணுக்கும் ஆரஞ்சு வால் கிடையாது, அதனால் புள்ளியைத்தான் பார்க்க வேண்டும். லைர்டெயில் ஆன்தியாஸில் பெண் ஆரஞ்சு, ஆண் ரோஜாவும் ஊதாவும் கலந்த நிறம், முதுகில் மூன்றாவது முள் கொடி போல நீண்டிருக்கும். இது களவா மாதிரி. ஆண் செத்தால் பெரிய பெண் ஆணாகிவிடும், மூன்று பெண் வாங்கினாலும் ஒன்று ஆணாகப் போகும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை தீனி வைக்க முடிந்தவர்கள் மட்டும் யோசிக்கலாம். மாண்டரின் மீனில் ஆணுக்கு முன்முதுகில் முதல் முள் நீண்டு கொடி மாதிரி நிற்கும், துடுப்பை விரித்தால்தான் தெரியும். அழகில் அதற்கு ஈடில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத கோபிபாட் பூச்சிகளைத் தின்று வாழும் மீன், சின்னத் தொட்டியில் மெலிந்து மெலிந்து செத்துப்போகும். நான் பார்த்திருக்கிறேன், யாருக்கும் சிபாரிசு செய்ய மனம் வருவதில்லை. பாங்காய் கார்டினலில் ஆண் முட்டையை வாயில் அடைகாக்கும்போது தாடை உப்பித் தீனி தின்னாமல் இருப்பதைக் கண்டால்தான் ஆண் என்று தெரியும். அதற்கு முன் தெரியாது. பெரும்பாலான டாங் மீன்களில் வெளியில் இருந்து எதுவுமே தெரியாது.

கடல் குதிரையில் ஆணுக்கு வயிற்றில் பை இருக்கும், இதைவிடத் தெளிவான அடையாளம் வேறு எந்த மீனுக்கும் இல்லை. ஆனால் அதை வைத்திருக்கக் கூடாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001 முதல் கடல் குதிரைகள் பாதுகாக்கப்பட்டவை. உவரி, கூத்தங்குழிப் பக்கம் வலையில் சிக்கியதை யாராவது கொடுத்தாலும் கடலிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள்.

தம்பி குஞ்சையே வரவழைத்தார். வந்து இறங்கிய நாளில் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பையில் விட்டு ஒரு மணி நேரம் பழக்கினார். உடனே திறந்துவிடாமல், துளைபோட்ட பிளாஸ்டிக் டப்பாவைத் தொட்டிக்குள்ளேயே மாட்டி, ஒரு வாரம் அதில் வைத்திருந்தார். பெரியது முதல் இரண்டு நாள் டப்பாவை முட்டிக்கொண்டே இருந்தது, பிறகு அதன் பக்கத்திலேயே படுக்க ஆரம்பித்தது. திறந்துவிடும் முன் தொட்டிக்குள் இருந்த இரண்டு மூன்று கற்களை இடம் மாற்றச் சொன்னேன். இது என் இடம் என்று பெரியது பிடித்து வைத்திருந்த மூலை கலைந்துவிட்டால் கோபம் குறையும்.

திறந்துவிட்ட அன்று சாயங்காலம் ஒரு வீடியோ வந்தது. பெரியது கிட்டே வருகிறது, குஞ்சு சாய்ந்து உடம்பெல்லாம் நடுங்குகிறது, பெரியது திரும்பிப் போகிறது. வால் நுனியில் ஒரு சின்னக் கிழிசல், அது நாலைந்து நாளில் வளர்ந்துவிடும். தீனி போட்டதும் குஞ்சு ஓடிவந்து தின்றது. தின்கிற வரைக்கும் கவலை இல்லை. தீனிக்கு வெளியே வராமல் ஒரு மூலையிலேயே ஒடுங்கி, துடுப்பெல்லாம் கிழிந்து இரண்டு நாள் போனால் உடனே டப்பாவுக்குள் எடுத்து வைக்க வேண்டும். டப்பாவைக் கழற்றாமல் அங்கேயே மாட்டி வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

தொட்டியின் பின்சுவரில் சாய்த்து வைக்க, வர்ணம் பூசாத பழைய மண்சட்டி ஓடு ஒன்றையும் கழுவி ஊறவைத்துக் கொடுத்துவிட்டேன். முட்டை வைக்கும் நேரம் வந்தால் இரண்டும் சேர்ந்து அந்த ஓட்டைத்தான் வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்யும். அதற்கு இன்னும் ஒரு வருடமாவது இருக்கிறது.